அறிகுறி இல்லாத பெண்ணுக்குச் சூலகப் புற்றுநோய்ப் பரிசோதனை வேண்டுமா? கொழும்பு வாசகிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள தனியார் ஆய்வுகூடங்களில் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கென முழு உடற்பரிசோதனைப் பொதிகள் விற்கப்படுகின்றன. சர்க்கரை, கொழுப்பு, தைரொயிட் ஆகியவற்றோடு சிஏ-125 என்ற இரத்தப் பரிசோதனையும் சில பொதிகளில் சேர்க்கப்படுவதுண்டு. பொதியில் இல்லாவிட்டாலும், ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் மகள் தொலைபேசியில் "அம்மா, அந்த டெஸ்ட்டையும் ஒருக்காச் செய்துபோட்டு ரிப்போர்ட்டை வட்ஸ்அப்பிலை அனுப்புங்கோ" என்று கேட்டுக்கொள்வாள். அந்தக் கவலை நியாயமானது. சூலகப் புற்றுநோய் இலங்கைப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் ஒன்று. பெரும்பாலும் வயிற்றறை முழுவதும் பரவிய பின்னரே அது கண்டுபிடிக்கப்படுகிறது.

ஆயினும், எந்த அறிகுறியும் இல்லாத, குடும்பத்தில் இந்நோய்ச் சரித்திரமும் இல்லாத ஒரு பெண்ணுக்கு, சிஏ-125 பரிசோதனையோ சூலகத்தைப் பார்க்கும் ஸ்கேனோ வருடந்தோறும் செய்வதால் உயிர் காக்கப்படுவதில்லை என்பது மிகப் பெரிய ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. சில பெண்களுக்குத் தேவையற்ற சத்திரசிகிச்சையும் அதன் பக்கவிளைவுகளுமே மிஞ்சியிருக்கின்றன. இந்த வழிகாட்டி அதற்கான காரணத்தையும், அதை அறிந்த பின் ஒரு பெண் என்ன செய்யலாம் என்பதையும் படிப்படியாக விளக்குகிறது.

முதற்படி: நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

ஒரே பரிசோதனைக்கு மூன்று வேறுபட்ட நிலைகளில் மூன்று வேறுபட்ட பெறுமதிகள் உண்டு. உடம்பில் எந்த முறைப்பாடும் இல்லாமல், குடும்பத்திலும் சூலகப் புற்றுநோயோ இளவயது மார்பகப் புற்றுநோயோ இல்லாமல், "எதற்கும் ஒருமுறை பார்த்துவிடுவோம்" என்று பரிசோதிப்பது முதலாவது நிலை. உடம்பில் முறைப்பாடு இல்லை, ஆனால் தாய்க்கோ சகோதரிக்கோ தந்தைவழி உறவினருக்கோ இந்நோய் இருந்தது என்பது இரண்டாவது. வயிற்று ஊதல், வலி, பசியின்மை போன்றவை சில வாரங்களாகத் தொடர்கின்றன என்பது மூன்றாவது.

இக்கட்டுரையின் பெரும்பகுதி முதலாவது நிலையில் உள்ளவர்களுக்கானது. மூன்றாவது நிலையில் இருப்பவர் இதை முழுவதும் வாசித்து முடிக்கும்வரை காத்திராமல் கடைசிப் படிக்குச் சென்றுவிடலாம். "பரிசோதனை பயனற்றது" என்று இங்கே சொல்லப்படுவது அவருக்குப் பொருந்தாது. அவருக்குச் செய்யப்படுவது நோயைக் கண்டறியும் பரிசோதனை, அது அவசியமானது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், "அந்த டெஸ்ட்டில் ஒன்றும் தெரியாதாம்" என்று அறிகுறியுள்ள பெண் வீட்டில் இருந்துவிடுவதே நான் மிகவும் அஞ்சும் தவறு.

இரண்டாம் படி: அந்த இரண்டு பரிசோதனைகளும் எதைக் காட்டுகின்றன என்று அறிந்துகொள்ளுங்கள்

சிஏ-125 என்பது இரத்தத்தில் காணப்படும் ஒரு புரதம். ஒரு மில்லிலீற்றருக்கு 35 அலகுக்குக் கீழே இருந்தால் இயல்பு என்று ஆய்வுகூடங்கள் கொள்கின்றன. சூலகப் புற்றுநோய்க் கலங்கள் இதை வெளிவிடுகின்றன என்பது உண்மை. ஆனால் வயிற்றறை, நெஞ்சறை ஆகியவற்றின் உட்சவ்வுகளும், இதயத்தைச் சூழ்ந்த சவ்வும், கருப்பையின் உட்படலமும், சூலகத்திலிருந்து முட்டையைக் கருப்பைக்குக் கொண்டுசெல்லும் பலோப்பியன் குழாய்களும் இதே புரதத்தைச் சுரக்கின்றன. எனவே அந்தச் சவ்வுகளில் எங்கே அழற்சி ஏற்பட்டாலும் எண் உயரலாம். மாதவிடாய் நாட்களில் உயரும். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் உயரும். எண்டோமெற்றியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்தல்), கருப்பை நார்க்கட்டி, இடுப்பறைத் தொற்று, ஈரல் சுருக்கம், இதயச் செயலிழப்பு, வயிற்றறைக் காசநோய், நெஞ்சில் நீர் தேங்குதல் ஆகிய எல்லாவற்றிலும் உயரலாம். நார்க்கட்டியும் எண்டோமெற்றியோசிஸும் நம் பெண்களிடையே எவ்வளவு பரவலாக உள்ளன என்பதை நினைத்தால், உயர்ந்த எண் ஒன்றைக் கண்டவுடன் புற்றுநோய் என்று அஞ்சுவது எவ்வளவு பொருத்தமற்றது என்பது விளங்கும்.

மறுபக்கமும் உண்டு. முதலாம் கட்டத்தில், அதாவது நோய் சூலகத்தோடு நின்றிருக்கும் வேளையில், ஏறத்தாழ பாதிப் பெண்களுக்கு மட்டுமே இந்த எண் உயர்கிறது. நாம் எந்தக் கட்டத்தில் நோயைப் பிடிக்க விரும்புகிறோமோ, அந்தக் கட்டத்திலேயே பரிசோதனை பாதிப் பேரைத் தவறவிடுகிறது. ஆகவே 35க்குக் கீழே உள்ள எண் "உங்களுக்கு நோய் இல்லை" என்பதற்கான சான்றிதழ் ஆகாது.

ஸ்கேனைப் பொறுத்தவரை, யோனிவழியாக எடுக்கப்படும் ஸ்கேனே சூலகத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. திருமணமாகாத பெண்களுக்குச் சிறுநீர்ப்பையை நிரப்பிக்கொண்டு வயிற்றின் மேலாகவே எடுப்பது வழக்கம். அதில் தெளிவு சற்றுக் குறையும். எப்படி எடுத்தாலும், ஸ்கேன் காட்டுவது உருவத்தை மட்டுமே. நீர்க்கட்டி தெரியும், திண்மமான பகுதி தெரியும். அதற்குள் இருக்கும் கலங்கள் எத்தகையவை என்பது தெரியாது.

இந்நோயின் பிறப்பிடம் பற்றிக் கடந்த இரண்டு தசாப்தங்களில் மாறிய புரிதலும் இங்கே முக்கியமானது. உயிரிழப்புகளில் பெரும்பகுதிக்குக் காரணமான தீவிர வகை, பல வேளைகளில் சூலகத்தில் தொடங்குவதில்லை. பலோப்பியன் குழாயின் விரல் போன்ற நுனியில், கண்ணுக்குத் தெரியாத அளவில் தொடங்குகிறது. அங்கிருந்து உதிரும் கலங்கள் சூலகம் பெருப்பதற்கு முன்னரே வயிற்றறைச் சவ்வில் படிந்துவிட முடியும். சூலகத்தின் அளவைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஸ்கேன் அந்த வேளையில் இயல்பாகவே இருக்கும். கடந்த வருடம் ஸ்கேன் இயல்பு என்று எழுதப்பட்ட பெண்ணுக்கு இவ்வருடம் மூன்றாம் கட்ட நோய் கண்டுபிடிக்கப்படுவது வைத்தியரின் கவனக்குறைவால் மட்டும் நிகழ்வதல்ல. நோயின் போக்கே அத்தகையது.

மூன்றாம் படி: இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவை மனதில் கொள்ளுங்கள்

அமெரிக்காவில் 1993 முதல் 2001 வரை 55 முதல் 74 வயதுக்குட்பட்ட 78,216 பெண்கள் ஒரு ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பாதியினருக்கு ஆறு வருடங்கள் சிஏ-125 பரிசோதனையும், அவற்றில் நான்கு வருடங்கள் யோனிவழி ஸ்கேனும் வருடந்தோறும் செய்யப்பட்டன; மறுபாதியினர் வழக்கமான மருத்துவக் கவனிப்பில் இருந்தார்கள். 2011இல் முடிவு வெளியானபோது, பரிசோதிக்கப்பட்ட பிரிவில் 118 பேரும் மற்றப் பிரிவில் 100 பேரும் சூலகப் புற்றுநோயால் இறந்திருந்தார்கள். இந்த வேறுபாடு தற்செயலாக நேரக்கூடிய அளவுக்குள் அடங்குவதால், பரிசோதனை மரணத்தைக் கூட்டியது என்று இதிலிருந்து சொல்ல முடியாது. குறைக்கவில்லை என்று சொல்ல முடியும்.

பரிசோதிக்கப்பட்டவர்களில் 3,285 பேருக்கு நோய் இல்லாமலேயே பரிசோதனை "சந்தேகம்" என்று காட்டியது. அவர்களில் 1,080 பேர் சத்திரசிகிச்சை வரை சென்றார்கள். அந்த 1,080 பேரில் 163 பேருக்கு, அதாவது ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவருக்கு, கடுமையான பக்கவிளைவு ஒன்றாவது ஏற்பட்டது. இந்த 163 பெண்களும் நோயற்றவர்களாக, தம் கால்களால் நடந்து பரிசோதனைக்கு வந்தவர்கள். இந்தத் துறையின் எண்களில் என்னை அதிகம் கலங்கவைப்பது இதுதான்.

பிரித்தானிய ஆய்வு இதைவிடப் பெரியது. 2001 முதல் 2005 வரை, மாதவிடாய் நின்ற 50 முதல் 74 வயதுக்குட்பட்ட இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான பெண்கள் அதில் இணைக்கப்பட்டார்கள். அங்கே 35 என்ற ஒரே எல்லைக்கோட்டை நம்பியிருக்கவில்லை. ஒரு பிரிவில், ஒவ்வொரு பெண்ணின் சிஏ-125 எண்ணும் வருடத்துக்கு வருடம் எவ்வாறு ஏறுகிறது என்பதைக் கணித்து, ஏற்றம் சந்தேகத்துக்குரியதாக இருந்தால் மட்டும் ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். இன்னொரு பிரிவினருக்கு ஸ்கேன் மட்டும் செய்யப்பட்டது. மூன்றாவது பிரிவினருக்கு இப்பரிசோதனைகள் எவையும் செய்யப்படவில்லை. 2021இல் வெளியான இறுதி முடிவில், சராசரியாகப் பதினாறு வருடங்களுக்கும் மேல் பின்தொடர்ந்த பின்னர், மூன்று பிரிவுகளிலும் சூலகப் புற்றுநோயால் இறந்தவர்களின் விகிதம் ஒன்றாகவே, 0.6 சதவீதமாக இருந்தது.

இதில் ஆழ்ந்து கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. இரத்தப் பரிசோதனைப் பிரிவில், முதலிரு கட்டங்களில் கண்டுபிடிக்கப்பட்ட நோய் ஏறத்தாழ 39 சதவீதம் கூடியிருந்தது. பிந்திய கட்டங்களில் கண்டுபிடிக்கப்பட்டது 10 சதவீதம் குறைந்திருந்தது. அப்படியிருந்தும் மரணம் குறையவில்லை. "முன்கூட்டியே கண்டுபிடித்தால் காப்பாற்றலாம்" என்று நாம் கேள்வியின்றி நம்பும் வாக்கியம் இந்த நோயில், இந்தப் பரிசோதனையில், உண்மையாகவில்லை. முன்கூட்டியே பிடிபட்டவற்றில் ஒரு பகுதி, எப்போது பிடிபட்டாலும் அதே முடிவுக்கே செல்லக்கூடிய தீவிர நோயாக இருந்திருக்கலாம்.

இதனை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். ஒரு பெண்ணுக்கு 2016இல் வயிறு வீங்கி நோய் கண்டுபிடிக்கப்படுகிறது, 2018இல் இறக்கிறார். அதே பெண்ணுக்கு 2014இலேயே பரிசோதனையில் நோய் தெரியவந்து, அவர் 2018இலேயே இறந்திருந்தால், "இரண்டு வருடம் வாழ்ந்தார்" என்பது "நான்கு வருடம் வாழ்ந்தார்" என்று புள்ளிவிபரத்தில் மாறும். ஆனால் அவருடைய ஆயுளில் ஒரு நாளும் கூடவில்லை. நோயாளியாக வாழ்ந்த காலம்தான் கூடியது. ஆகவே கண்டுபிடிப்புக்குப் பிந்திய காலத்தை வைத்து ஒரு பரிசோதனையை மதிப்பிடக்கூடாது. இறப்பு குறைந்ததா என்றே கேட்க வேண்டும். விளம்பரங்களில் "முதலாம் கட்டத்தில் கண்டுபிடித்தால் 90 சதவீதத்தினர் ஐந்து வருடங்கள் வாழ்கிறார்கள்" என்று வாசிக்கும்போது இந்தக் கேள்வியை மறவாதீர்கள்.

இந்தச் சான்றுகளின் அடிப்படையில், அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு அறிகுறியற்ற, உயர் ஆபத்தற்ற பெண்களுக்கு இப்பரிசோதனை வேண்டாம் என்று 2012இலும் மீண்டும் 2018இலும் பரிந்துரைத்தது. சூலகப் புற்றுநோயை முன்கூட்டிக் கண்டுபிடிப்பதாகக் கூறி விற்கப்படும் பரிசோதனைகளை நம்ப வேண்டாம் என்று அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகமும் 2016இல் எச்சரித்தது.

நான்காம் படி: கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்

ஐம்பது வயதைக் கடந்த பெண்களில் எந்த ஒரு வேளையிலும் ஏறத்தாழ 2,500 பேருக்கு ஒருவருக்கே இந்நோய் இருக்கும் என்பது மேற்கு நாடுகளில் வழக்கமாகப் பயன்படும் மதிப்பீடு. அப்படியானால் 10,000 பெண்களில் நால்வருக்கு நோய் இருக்கிறது. நோயுள்ள நால்வரில் மூவரைப் பிடிக்கும், நோயற்றவர்களில் நூற்றுக்கு 98 பேரைச் சரியாக விலக்கும் நல்லதொரு பரிசோதனை நம்மிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நோயற்ற 9,996 பேரில் இரண்டு சதவீதம், அதாவது ஏறக்குறைய 200 பேருக்கு, "சந்தேகம்" என்று வரும். உண்மையில் நோயுள்ள மூவருக்கும் அவ்வாறே வரும். கூடத்தில் அச்சத்தோடு உட்கார்ந்திருக்கும் 203 பேரில் மூவருக்கே நோய். ஒரு மூடை அரிசியில் கிடக்கும் நான்கு கற்களைத் தேடப் போய், மூன்று கல்லோடு கைநிறைய அரிசியையும் கொட்டிவிடுவதைப் போன்றது இது. நான்காவது பெண்ணோ, தனக்கு நோயில்லை என்ற நிம்மதியோடு வீடு திரும்பியிருப்பார்.

மற்றப் புற்றுநோய்ப் பரிசோதனைகளிலும் இத்தகைய பொய்ச் சந்தேகங்கள் எழுவதுண்டு. ஆனால் அங்கே இரண்டாவது அடி எளிதானது. மார்பகத்தில் ஒரு கட்டி தெரிந்தால் ஊசியால் சிறு துணுக்கை எடுத்துப் பார்க்கலாம். கருப்பைக் கழுத்தை நேரே கண்ணால் பார்த்து, புற்றுநோயாக மாறுவதற்குப் பல வருடங்களுக்கு முந்திய மாற்றத்தையே அகற்றலாம். சூலகமோ வயிற்றறையின் ஆழத்தில் இருக்கிறது. அங்குள்ள கட்டியை ஊசியால் குத்தினால், உள்ளே புற்றுநோய் இருக்குமானால் அதன் கலங்கள் வயிற்றறைக்குள் சிந்தக்கூடும் என்பதால், சூலகத்தோடு நிற்பதாகத் தோன்றும் கட்டிகளில் அது பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. உறுதியாக அறிய வேண்டுமானால் சத்திரசிகிச்சை செய்து சூலகத்தை எடுத்தே பார்க்க வேண்டும். மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு இரு சூலகங்களும் எடுக்கப்பட்டால், ஓமோன் திடீரென நின்று, எலும்பும் இதயமும் பாதிக்கப்படும் வாய்ப்பு உண்டு. 203 பேரில் மூவரைத் தேடுவதன் விலை இதுவாக இருக்கையில், அந்த விலையைக் கேட்காமலே பொதியை வாங்கக்கூடாது.

ஐந்தாம் படி: ஆய்வுகூடத்தில் என்ன சொல்வது

முதலாவது நிலையில் இருக்கும் ஒருவர் பொதியில் சிஏ-125 இருப்பதைக் கண்டால், அதை நீக்கித் தருமாறு கேட்கலாம். நீக்க முடியாதென்றால் வேறு பொதியைத் தெரிவுசெய்யலாம். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் கேட்டால், அவர்கள் வாழும் நாட்டிலேயே அறிகுறியற்ற பெண்களுக்கு இதை அரச சுகாதார சேவை வழங்குவதில்லை என்று சொல்லுங்கள். பிரித்தானியாவிலும் கனடாவிலும் இந்நோய்க்கெனத் தேசிய முன்பரிசோதனைத் திட்டம் கிடையாது. ஒரு வைத்தியரே எழுதித் தந்தால், "எனக்கு எந்த முறைப்பாடும் இல்லை, குடும்பத்திலும் இல்லை. இதை எதற்காகச் செய்கிறோம், எண் கூடி வந்தால் அடுத்து என்ன செய்வோம்?" என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. அந்த இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்காதவரை இரத்தம் கொடுக்க வேண்டிய அவசரமும் இல்லை.

ஆறாம் படி: ஏற்கெனவே செய்தாயிற்று, எண் கூடியிருக்கிறது என்றால்

ரிப்போர்ட்டில் சிஏ-125 என்ற வரிக்கு எதிரே 48.6 என்றும், அருகே "எச்" என்ற தடித்த எழுத்தும் அச்சாகியிருக்கும். அந்த எழுத்தின் பொருள் ஆய்வுகூடத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டியது என்பது மட்டுமே. நோயின் பெயரை அது சொல்லவில்லை. அன்றிரவே இணையத்தில் தேடுவதைத் தவிர்த்து, பின்வரும் விபரங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: இரத்தம் எடுத்த நாளில் மாதவிடாய் இருந்ததா, கடைசி மாதவிடாய் எப்போது, நார்க்கட்டியோ எண்டோமெற்றியோசிஸோ இருப்பதாக முன்னர் சொல்லப்பட்டதா, ஈரல், இதயம், சுவாசப்பை ஆகியவற்றில் நோய் உண்டா, அண்மையில் காய்ச்சலோ சத்திரசிகிச்சையோ நடந்ததா. இவற்றோடு ஒரு பெண்நோயியல் நிபுணரைச் சனல் செய்து காணலாம். அல்லது காசல் வீதி மகளிர் வைத்தியசாலை, டி சொய்சா மகளிர் வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலையொன்றின் பெண்நோயியல் கிளினிக்குக்குக் கடிதம் பெற்றுச் செல்லலாம். பெரும்பாலும் அடுத்த அடி ஒரு ஸ்கேனும், சில வாரங்கள் கழித்து மீண்டும் ஓர் இரத்தப் பரிசோதனையுமாகவே இருக்கும்.

ஸ்கேனில் கட்டி தெரிந்தால், நிபுணர்கள் பலர் ஓர் எளிய கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். கட்டிக்குள் பல அறைகள் இருத்தல், திண்மமான பகுதி இருத்தல், இரு பக்கமும் இருத்தல், வயிற்றில் நீர் தேங்குதல், வேறிடங்களுக்குப் பரவியிருத்தல் என்னும் ஐந்து அம்சங்களில் எதுவும் இல்லாவிட்டால் 0, ஒன்று இருந்தால் 1, இரண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால் 3 என்று புள்ளி கொடுப்பார்கள். மாதவிடாய் நின்றிருந்தால் 3, நிற்காவிட்டால் 1. இவ்விரண்டையும் சிஏ-125 எண்ணோடு பெருக்குவார்கள். மாதவிடாய் நின்ற ஒரு பெண்ணுக்குச் சிஏ-125 60 ஆகவும், கட்டியில் ஓர் அம்சமும் இருந்தால் 1 × 3 × 60 = 180. அதே எண், அதே கட்டி, மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு வெறும் 60. எந்த அம்சமும் அற்ற நீர்க்கட்டியானால் விடை பூச்சியம். 200ஐத் தாண்டினால் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையில் தேர்ந்த பெண்நோயியல் குழுவிடம் அனுப்புவது வழக்கம். தனியே அச்சுறுத்திய 60 என்ற எண், சூழ்நிலையோடு சேரும்போது எப்படி மாறுகிறது என்பதைப் பாருங்கள். இந்தக் கணக்கு கட்டி இருப்பது தெரிந்த பின் பயன்படுவது, கட்டியைத் தேடுவதற்கானதல்ல. எச்ஈ4 போன்ற புதிய இரத்தப் பரிசோதனைகளும் அவ்வாறே.

ஏழாம் படி: ஸ்கேனில் நீர்க்கட்டி என்று எழுதியிருந்தால்

சிறுநீரகக் கல்லுக்கோ பித்தக் கல்லுக்கோ எடுத்த ஸ்கேனில் "சூலகத்தில் நீர்க்கட்டி" என்று ஒரு வரி வந்துவிடுவது மிகவும் சாதாரணம். மாதவிடாய் வரும் பெண்ணின் சூலகம் மாதந்தோறும் நீர்ப்பை ஒன்றை உருவாக்கியே முட்டையை வெளிவிடுகிறது. 5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த, உள்ளே நீர் மட்டுமே கொண்ட கட்டிகள் இவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று மாதவிடாய்ச் சுழற்சிகளுக்குள் தாமாகவே மறைந்துவிடும். தொடர் ஸ்கேன்கூடப் பொதுவாகத் தேவைப்படாது. மாதவிடாய் நின்றவர்களுக்கும், ஒரு பக்கத்தில் மட்டும் உள்ள, ஒரே அறை கொண்ட, 5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த நீர்க்கட்டியோடு சிஏ-125 இயல்பாகவும் இருந்தால், நான்கு முதல் ஆறு மாதங்களில் மீண்டும் பார்ப்பதும், ஒரு வருடத்தில் மாற்றமில்லாவிட்டால் கண்காணிப்பை நிறுத்துவதும் பிரித்தானிய மகப்பேற்று, பெண்நோயியல் கல்லூரியின் வழிகாட்டல். "எதற்கும் எடுத்துவிடுவோம்" என்று யாராவது சொன்னால், இந்த அளவுகளைக் குறிப்பிட்டு இரண்டாவது நிபுணரின் கருத்தைக் கேளுங்கள்.

எட்டாம் படி: குடும்ப மரத்தை வரையுங்கள்

இரத்தப் பரிசோதனைக்குச் செலவாகும் பணத்தையும் கவலையையும்விடப் பயனுள்ளது, ஒரு பிற்பகல் பொழுதில் பெரியவர்களோடு உட்கார்ந்து யார் யாருக்கு என்ன நோய் இருந்தது என்று எழுதுவது. நம் குடும்பங்களில் பெண்களின் நோய்க்குப் பெயர் சொல்வதில்லை. "அம்மம்மாவுக்கு வயித்துக்குள்ள ஒரு கட்டி", "சின்ன மாமிக்குக் கர்ப்பப்பையில ஏதோ வருத்தம்" என்ற அளவில் கதை நின்றுவிடும். எத்தனை வயதில், எங்கே சிகிச்சை, வயிற்றில் நீர் எடுத்தார்களா, மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குச் சென்றார்களா என்று பக்குவமாகக் கேட்டால், பெயரிடப்படாத நோய்க்குப் பெயர் கிடைக்கலாம்.

தாய்வழியைப் போலவே தந்தைவழியும் முக்கியம். சூலக, மார்பகப் புற்றுநோய்களின் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணு மாற்றங்கள் தந்தையிடமிருந்தும் மகளுக்கு வரும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கு ஐம்பது சதவீத வாய்ப்பு உண்டு. ஆகவே அப்பம்மாவுக்கும் அப்பாவின் சகோதரிகளுக்கும் என்ன நடந்தது என்று கட்டாயம் கேளுங்கள். எந்த வயதிலாயினும் சூலகப் புற்றுநோய், ஐம்பது வயதுக்கு முன் மார்பகப் புற்றுநோய், இரு மார்பிலும் புற்றுநோய், ஆணுக்கு மார்பகப் புற்றுநோய், ஒரே பக்க உறவினரிடையே குடற் புற்றுநோயும் கருப்பைப் புற்றுநோயும் ஆகியவை குறித்துக்கொள்ள வேண்டிய தடயங்கள்.

வெளிநாட்டிலுள்ள உறவினர் யாராவது மரபணுப் பரிசோதனை செய்து மாற்றம் இருப்பதாக அறிந்திருந்தால், அந்த ரிப்போர்ட்டின் பிரதியை வாங்கி வையுங்கள். எந்த மாற்றம் என்பது தெரிந்தால், இங்கே அதை மட்டும் குறிவைத்துப் பரிசோதிக்க முடியும்; முழு மரபணுவையும் தேடுவதைவிட அது எளிது, முடிவும் தெளிவானது. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மரபியலுக்கென ஒரு பிரிவு இயங்குகிறது. மரபியல் ஆலோசனைக்கு உங்கள் நிபுணரிடம் கடிதம் கேட்கலாம்.

பொதுவாக நூறு பெண்களில் ஒருவருக்குச் சற்று அதிகமானோருக்கே வாழ்நாளில் சூலகப் புற்றுநோய் வருகிறது. பிஆர்சிஏ1 மாற்றம் உள்ளவர்களில் 80 வயதுக்குள் ஏறத்தாழ 44 சதவீதத்தினருக்கும், பிஆர்சிஏ2 மாற்றம் உள்ளவர்களில் ஏறத்தாழ 17 சதவீதத்தினருக்கும் வருவதாக 2017இல் வெளியான பெரிய ஆய்வொன்று கணித்தது. இவ்வளவு உயர்ந்த ஆபத்திலும்கூட ஸ்கேனையும் இரத்தப் பரிசோதனையையும் நம்பிக் காத்திருப்பது போதிய பாதுகாப்பாகக் கருதப்படுவதில்லை. பிள்ளைப்பேறு முடிந்த பின், பிஆர்சிஏ1 உள்ளவர்களுக்கு 35 முதல் 40 வயதிலும், பிஆர்சிஏ2 உள்ளவர்களுக்கு 40 முதல் 45 வயதிலும் குழாய்களையும் சூலகங்களையும் எடுத்துவிடுவதே பயன் நிரூபிக்கப்பட்ட வழி. பெரிய முடிவு அது; மரபியல் ஆலோசகரோடும் நிபுணரோடும், வேண்டுமானால் கணவரோடும், பலமுறை பேசி எடுக்க வேண்டியது.

வேறு காரணத்துக்காகக் கருப்பை அகற்றப்படவிருக்கும் பெண்ணோ, நிரந்தரக் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு எல்ஆர்டி (பலோப்பியன் குழாய்களைக் கட்டி வெட்டும் சத்திரசிகிச்சை) செய்யவிருக்கும் பெண்ணோ, சூலகங்களை விட்டுவிட்டுக் குழாய்களை மட்டும் முழுமையாக எடுப்பது தனக்குப் பொருந்துமா என்று நிபுணரிடம் கேட்கலாம். நோய் குழாயில் தொடங்குகிறது என்ற புரிதலால் பல நாடுகளில் இப்போது இது பரிந்துரைக்கப்படுகிறது.

ஒன்பதாம் படி: பயன் நிரூபிக்கப்பட்ட பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள்

கருப்பைக் கழுத்திலிருந்து எடுக்கும் பப் ஸ்மியர் சூலகத்தைப் பார்ப்பதில்லை; அது இயல்பாக வந்ததால் சூலகமும் நலம் என்று நினைக்கும் பெண்கள் பலர். ஆனால் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பதில் அதன் பயன் ஐயமற்றது. 1996 முதல் இலங்கையில் இயங்கிவரும் சுகவனிதையர் கிளினிக்குகளில், 35 வயதிலும் 45 வயதிலும் உள்ள பெண்கள் கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கு அழைக்கப்படுகிறார்கள்; மார்பகப் பரிசோதனை, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவையும் பார்க்கப்படுகின்றன. பணம் எதுவும் இல்லை. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ, வீட்டுக்கு வரும் குடும்பநல மாதுவிடமோ கிளினிக் நாளைக் கேளுங்கள். தனியார் பொதிக்குப் பணம் செலவழித்துவிட்டு இலவசமான இந்தக் கிளினிக்குக்கு ஒருமுறையும் போகாத பெண்கள் கொழும்பில் ஏராளம் என்பது மனதுக்கு வருத்தம் தருகிறது.

பத்தாம் படி: அறிகுறி வந்தால் பொறுத்திருக்காதீர்கள்

சூலகப் புற்றுநோய் ஓசையின்றி வரும் நோய் என்று சொல்லப்பட்டாலும், நோய் கண்ட பெண்களை விசாரித்தபோது பெரும்பாலானோர் சில மாதங்களாகவே முறைப்பாடுகள் இருந்ததாகச் சொன்னார்கள். வயிறு ஊதுதல் அல்லது வயிற்றின் சுற்றளவு கூடுதல், அடிவயிற்றிலோ இடுப்பறையிலோ வலி, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிரம்பிவிடுதல், அடிக்கடியோ அவசரமாகவோ சிறுநீர் கழிக்க நேர்தல் ஆகிய நான்கும் முக்கியமானவை. இவை யாருக்கும் வருபவைதாம். ஆனால் முன்பில்லாமல் புதிதாக வந்தவை, மாதத்தில் பன்னிரண்டு நாட்களுக்கு மேல் இருப்பவை, விடாமல் தொடர்பவை என்றால் அவற்றைச் சாதாரணமாக எடுக்கக்கூடாது. ஐம்பது வயதைக் கடந்தவராயின் இன்னும் கூடிய கவனம் தேவை. மாதவிடாய் நின்ற பின் புதிதாக வாய்வுக் கோளாறு போன்ற முறைப்பாடு தொடங்கினால், கசாயத்திலும் அமிலத்துக்கான மாத்திரையிலும் மாதங்களைக் கடத்த வேண்டாம்.

நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் ஒரு குறி போடுங்கள்: ஊதல் இருந்த நாள், வலி இருந்த நாள், இரவுச் சாப்பாட்டைப் பாதியில் வைத்த நாள், உடுப்பு இடுப்பில் இறுகிய நாள். இரண்டு மூன்று வாரக் குறிப்போடு வைத்தியரிடம் சென்று, "இது எனக்குப் புதிது, இத்தனை நாள் இருந்தது, சூலகத்தைப் பற்றியும் பார்க்க வேண்டுமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். ஐந்து நிமிடம் மட்டுமே கிடைக்கும் வெளிநோயாளர் பிரிவில் நீண்ட விளக்கத்தைவிட அந்தத் தாள் அதிகம் பேசும். வைத்தியர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, சிஏ-125 பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் எழுதித் தருவார். அறிகுறி உள்ள இந்த வேளையில் அவை இரண்டும் உங்களுக்குத் தேவையானவை, தயங்காமல் செய்துகொள்ளுங்கள். வயிற்றில் கட்டி தட்டுப்பட்டாலோ நீர் சேர்ந்திருந்தாலோ எண்ணுக்காகக் காத்திராமல் உடனே நிபுணரிடம் அனுப்பப்பட வேண்டும்.

எண் 35க்குக் கீழே வந்து, ஸ்கேனும் இயல்பாக இருந்தால், முறைப்பாட்டுக்கு வேறு காரணம் தேடப்படும். ஆனால் அதே ஊதலும் வலியும் குறையாமல் தொடர்ந்தாலோ நாட்கள் கூடினாலோ, இயல்பான அந்த ரிப்போர்ட்டையும் நாட்காட்டியையும் எடுத்துக்கொண்டு ஒரு மாதத்துக்குள் அதே வைத்தியரிடம், அல்லது வேறொருவரிடம், மீண்டும் செல்லுங்கள்.